தோட்டக் கடையை மறுபடி திறப்பது எப்படி?

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம், ரிங்லெட் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய மளிகைக் கடையைத் திறக்க நினைக்கிறவர்கள் முதலில் சாயத்தையும் அலமாரியையும் பற்றித்தான் பேசுவார்கள். அதெல்லாம் அப்புறம். கடையின் பழைய 555 புத்தகங்கள் எங்காவது கிடந்தால் முதலில் அவற்றை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை அளவுள்ள அந்தக் கடன் புத்தகத்தில் தேதி, சாமான், தொகை எல்லாம் இருக்கும். 'வரவு' என்று எழுதிய வரிகள் மட்டும் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். தோட்டக் கடைகள் பேரங்காடியால் நொடித்தன என்று சொல்வார்கள். வராத கடனால் நொடித்தவைதான் அதிகம் என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். பத்து வெள்ளி விற்பனைக்கு ஒரு வெள்ளி லாபம் என்று வைத்துக்கொள்வோம். 200 வெள்ளிக் கடன் வராமல் போனால், அதில் 180 வெள்ளி உங்கள் கைமுதல். அதை மீட்க இன்னும் 1,800 வெள்ளிக்கு விற்றாக வேண்டும். அதற்காகக் கடனே கிடையாது என்று பலகை மாட்டினால் தோட்டத்தில் கடை நடக்காது. சம்பளத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, பால்மாவு தீர்ந்துபோய் வந்து "அக்கா, புத்தகத்துல எழுதிக்குங்க" என்று நிற்கும் தாயைத் திருப்பி அனுப்புவதற்கு நமக்குக் கடை எதற்கு?

ஆகவே திறப்பதற்கு முன்பே விதியை வகுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு ஓர் உச்ச வரம்பு. புத்தகம் இரண்டு: ஒன்று கடையில், ஒன்று வீட்டில், எழுதும்போது இரண்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1955 வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், பத்தாம் தேதியைத் தீர்வு நாளாக வையுங்கள். பழைய பாக்கி தீராமல் புதுப் பக்கம் திறக்காதீர்கள். ஆபீசில் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி இறங்கவும் வேண்டாம். பிடித்தங்களுக்கு அதே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு.

அடுத்தது கட்டடம். தோட்டத்துக்குள் இருந்தால் அது நிர்வாகத்தின் சொத்து. எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, கூரை ஒழுகினால் யார் செலவு, மின்சார மீட்டர் யார் பெயரில் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். வாய்ப்பேச்சில் சம்மதித்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விடலாம்.

பதிவு வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரென்றால் 60. கடை உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் கேமரன் மலை மாவட்ட மன்றத்தில். அரிசி விற்க 1994 நெல், அரிசிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். சீனி, மாவு, எண்ணெய், கேஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கு என்ன உரிமம், எவ்வளவு வரை இருப்பு வைக்கலாம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை; ஒவ்வொரு சாமானிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும். முதல் போதாவிட்டால் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவியை விசாரியுங்கள். அது இந்தியச் சமூகத்துக்கென்றே உள்ள திட்டம்.

சரக்கு வாங்கும் முன் தொழிலாளர் குடியிருப்பில் லயன் லயனாகப் போய்ப் பேசுங்கள். மாத அரிசி மூட்டையை மக்கள் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ வாங்கிக்கொள்வார்கள். அதில் போட்டி போட வேண்டாம். நடு வாரத்தில் என்ன தீர்கிறது என்று கேளுங்கள். கால் கிலோ பருப்பு, நான்கு முட்டை, கருவாடு, ரொட்டி, பனடால், போன் ரீலோட்: கடையை நிலைநிறுத்துவது இவைதான். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம்போல இன்று கொழுந்து பறிப்பவர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்ல. வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். கடுகெண்ணெய், மைசூர்ப் பருப்பு, பொரி வைத்தால் அவர்களும் வருவார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள் என்பதால் அவர்களுக்குக் கடன் ஒரு வாரத்துக்கு மேல் போகக்கூடாது.

மலைக் குளிரைச் சரக்கு நன்றாகவே உணரும். தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்து வெள்ளையாக நிற்கும். வாய் அகன்ற டப்பாவில் வைத்தால் கரண்டியால் அள்ளிக் கொடுக்கலாம். உப்பு கசியும், அப்பளம் நமுக்கும், காய்ந்த மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும். சாக்கு மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல், மரச்சட்டத்தின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மிளகாய், மல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மூடி இறுகும் தகர டின்னில் வையுங்கள். இதே குளிரில் ஒரு வியாபாரமும் இருக்கிறது. வீட்டில் தோசை மாவு எளிதில் புளிக்காது. அடுப்போரத்துச் சூட்டில் புளிக்கவைத்துப் பொழுது விடியும்போது பாக்கெட்டில் கொடுத்தால் வாங்க ஆள் இருக்கும். இதற்குச் சுகாதார இலாகாவின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாவு விற்பதென்றால், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு முன்பே கடை திறந்திருக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் கடை என்றால் இன்னொன்றும் உண்டு. 2013 அக்டோபர் 23 அன்று சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் லெம்பா பெர்த்தாமில் சேறாகப் புகுந்து உயிர்களைப் பறித்தது; அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்றுவெள்ளம் வந்தது. கீழ்த்தட்டில் போத்தலும் பிளாஸ்டிக்கும் மட்டும் இருக்கட்டும். அரிசியும் கடன் புத்தகமும் தலைக்கு மேலே. அணைச் சங்கு ஊதினால் சரக்கைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கடையை விட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

டுயிட்நவ் கியூஆர் அட்டையை முதல் நாளிலேயே ஒட்டிவிடலாம். அதைவிட முக்கியம் சாரா உதவி. மைகார்டில் வரும் அந்த அரசாங்கப் பணத்தைப் பதிவு பெற்ற கடையில்தான் செலவழிக்க முடியும். உங்கள் கடை மைகாசே அமைப்பின் மூலம் பதிந்துவிட்டால், ஒரு பாட்டி எண்ணெய்க்கும் முட்டைக்கும் வாடகைக் கார் பிடித்து டவுனுக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு இணைய இணைப்பு வேண்டும். கடைக்குள் எந்த மூலையில் லைன் கிடைக்கிறது என்று போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கே கல்லாவைப் போடுங்கள்.

திறப்பு நாளைத் தீபாவளியை ஒட்டி வைக்க ஆசை வரும். ஆனால் அது மழைக்காலம். தாப்பா சாலையில் மண் சரிந்தால் லோரி வராது. முறுக்கு மாவு, உளுந்து, எண்ணெய் எல்லாம் செப்டம்பரிலேயே ஏறிவிட வேண்டும். தீபாவளிக் கடனுக்கும் தனி வரம்பு போட்டு, அதை எத்தனை தவணையில் கட்டுவார்கள் என்று சாமான் கொடுக்கும்போதே புத்தகத்தின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.