நோட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. ஐந்து மாதத்துக்கு முன் வயிற்றுவலி என்று எமர்ஜென்சிக்குப் போனாயே, அதில் 640 டாலர் பாக்கி என்று வசூல் ஏஜென்சி ஆள் மிரட்டினானாம். கார்டு நம்பரைக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாய். கொடுக்காதே.

மளிகைக் கடைப் பாக்கி ஒரு நாள் தள்ளிப்போனாலும் அந்தத் தெருவில் நடக்கக் கூசுவார் அப்பா. அந்தக் கூச்சம்தான் உனக்கும் எனக்கும். அமெரிக்கா வந்த புதிதில் ஒரு ஸ்கேனுக்குப் பாக்கி என்று இப்படி ஒரு போன் வந்து, நானும் பயந்து கட்டினேன். பிறகு இன்சூரன்ஸ் விளக்கத்தாளைப் பார்த்தால் அதே தேதி, அதே ஸ்கேன். நான் கட்ட வேண்டியது பூஜ்யம். பணத்தைத் திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன். ஆனால் அதே அப்பா, கடை நோட்டை வரிவரியாகப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை. அதை நான் மறந்துவிட்டேன்.

அந்த நோட்டைக் கேட்கும் உரிமையை 1977-ல் வந்த கடன் வசூல் சட்டம் உனக்குக் கொடுக்கிறது. முதலில் தொடர்புகொண்ட 5 நாளுக்குள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஏஜென்சி தெரிவித்தாக வேண்டும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள், "இந்தக் கடனை நான் ஏற்கவில்லை, ஆதாரம் அனுப்புங்கள்" என்று நீ எழுதிவிட்டால், ஆதாரம் தரும்வரை வசூலை நிறுத்த வேண்டும். போனில் சொன்னால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுது, நகல் எடுத்துக்கொள், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பு. பணக்கஷ்டத்தை அதில் எழுதாதே. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன் என்றும் சொல்லிவிடாதே. பழைய கடன் என்றால், சிறு தொகை கட்டினாலே வழக்குக்கான காலக்கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும் மாநிலங்கள் உண்டு.

விசா போய்விடும் என்றானாம். அது வெறும் மிரட்டல். தன்னால் செய்ய முடியாததைச் செய்வேன் என்று பயமுறுத்துவதே அந்தச் சட்டப்படி தவறு. கிரெடிட் ஸ்கோருக்காகவும் இப்போது பதறாதே. ஒரு வருஷம் ஆகாத மருத்துவக் கடனை மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 2022 ஜூலை முதல் அறிக்கையில் ஏற்றுவதில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில் கேட்டு வாங்கு. இன்சூரன்ஸ் விளக்கத்தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். நிஜமாகவே நீ தர வேண்டியிருந்தால், அது லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிதானா என்று விசாரி. அப்படியானால் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டியது வரிச்சட்டப்படி அவர்கள் கடமை. முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். உனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதே. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் அன்றே எனக்குச் சொல். குறித்த நாளுக்குள் பதில் போடாவிட்டால், கடன் பொய்யாகவே இருந்தாலும் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விடும்.

இன்று ராத்திரியே கடிதத்தை எழுதி எனக்கு அனுப்பு. படித்துப் பார்த்துச் சொல்கிறேன், நாளைக் காலையில் தபாலில் சேர்த்துவிடு.

அன்புடன்,
அக்கா