புது வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு

கேள்வி: கரிக்கலாம்பாக்கத்தில் புதிதாகக் குடியேறிய வீட்டுக்கு வேகமான ஃபைபர் இணைப்பு பெற எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தெருக்கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் பெட்டியே முதலில் பார்க்க வேண்டியது. ஜிபான் (GPON) எனப்படும் ஃபைபர் பகிர்வு முறையில் ஒரே கண்ணாடி இழை நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கொண்டுவந்து, 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. அதனால் விளம்பரத்தைவிட, யாருடைய பெட்டி அருகில் உள்ளது, அதில் காலி முனை உண்டா என்பதே முக்கியம். அக்கம்பக்கத்தாரின் அனுபவம் இதில் நல்ல வழிகாட்டி. பி.எஸ்.என்.எல். ஃபைபரையும் கிராமங்களில் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர்களே பங்காளிகளாக இழுத்துத் தருகிறார்கள்.

சுவர் மூலையில் இழையை ஒடித்து மடக்கவே கூடாது. ஒளி கசிந்து இணைப்பு தளரும். இழை வழியே மின்சாரம் வராது என்பதால், மின்தடையிலும் இணையம் வேண்டுமென்றால் ரவுட்டருக்குச் சிறு யுபிஎஸ் தேவை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டத் திணறும். ரவுட்டரை நடுக்கூடத்தில் வைப்பதே நல்லது.