ஒலிவாங்கி ஏந்திய கைகள்

நுழையும்முன்

வீட்டில் அமர்ந்து நாம் காணும் இரண்டு நிமிடச் செய்திக்காக ஒருவர் கலவரத் தெருவிலோ, ஆற்று மணல் திருடப்படும் இடத்திலோ, நள்ளிரவுச் சாலையிலோ நின்றிருப்பார். நிகழ்வு திரையில் தெரிகிறது; அதைப் படம்பிடித்தவர் எதிர்கொண்ட இடர் தெரிவதில்லை. தொலைக்காட்சிச் செய்தியாளரின் பாதுகாப்பைப் பற்றி எடுத்துரைக்கிறது இப்பாடம்.

சிற்றூரின் செய்தியாளர்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் ஒடுகத்தூர். சற்றுத் தொலைவில் பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்கள் உள்ளன. இந்நிலப்பகுதியில் செய்திக்குப் பஞ்சமில்லை. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டது தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். மணல் திருட்டும், மலையில் காய்ச்சப்படும் சாராயமும், செம்மரம் வெட்ட ஆள் அழைத்துச் செல்லும் தரகும் அடிக்கடி பேசப்படுபவை. இவை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய பணம் அடங்கியிருக்கிறது.

பெருநகரில் பணியாற்றும் செய்தியாளருக்கு அலுவலகம் உண்டு. வாகனமும் சட்டத்துறையும் உண்டு. வட்ட அளவில் பணியாற்றுபவரின் நிலை வேறு. அவர்களுள் பலர் மாத ஊதியமின்றி, அனுப்பும் செய்திக்கு ஏற்பப் பணம் பெறுபவர்கள். படம்பிடிப்பவரும் பேசுபவரும் வண்டி ஓட்டுபவரும் ஒருவரே. யாரைப் பற்றிச் செய்தி வெளியிட்டாரோ அவரையே மறுநாள் கடைத்தெருவில் எதிர்கொள்ள வேண்டும். அவருடைய வீடும், அவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் ஊரறிந்தவை. ஆகவே தொலைவிலுள்ள போர்க்களத்தைவிடச் சொந்த ஊரே அவருக்கு மிகுந்த இடர் தருவதாக அமைந்துவிடுகிறது.

பல்லடத்தில் ஓர் இரவு

இதற்கு அண்மைக்காலச் சான்று திருப்பூர் மாவட்டம் பல்லடத்தில் நிகழ்ந்தது. அப்பகுதியில் நியூஸ் 7 தமிழ்த் தொலைக்காட்சியின் செய்தியாளராகப் பணியாற்றியவர் நேசபிரபு. 2024 ஜனவரி 24 அன்று, அறிமுகமற்ற சிலர் தம்மைப் பற்றி விசாரிப்பதையும் தம் வீட்டருகே நடமாடுவதையும் அவர் அறிந்தார். உடனே காவல்துறைக்குத் தகவல் தந்தார். ஒருமுறை அன்று, பலமுறை அழைத்தார். உரிய பாதுகாப்பு வந்து சேரவில்லை. இரவில் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒதுங்கி, காவலரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே கும்பல் வந்து சேர்ந்தது. அவர்கள் வந்துவிட்டதை அவர் பதற்றத்துடன் கூறும் ஒலிப்பதிவு பின்னர் தமிழகமெங்கும் கேட்கப்பட்டது. அரிவாள் வெட்டுகளால் கையிலும் காலிலும் கடுங்காயமுற்ற அவர் கோவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார்.

இந்நிகழ்வில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாதிக்கப்பட்டவர் அசட்டையாக இருக்கவில்லை. ஆபத்தைக் கணித்தார், உரிய இடத்தில் தெரிவித்தார், தனித்திராமல் வெளிச்சமுள்ள இடத்தை நாடினார். செய்தியாளர் செய்யத்தக்கன அனைத்தையும் அவர் செய்தார். குறை அவர் பக்கம் இல்லை. அதனாலேயே காவல் ஆய்வாளர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். பிணை மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றமும் காவல்துறையின் செயலின்மையைக் கண்டித்தது. நேசபிரபுவுக்குத் தமிழ்நாடு அரசு 3 இலட்சம் ரூபாய் உதவி அறிவித்தது.

எல்லாரும் பிழைப்பதில்லை. 2020 நவம்பர் 8 அன்று இரவு, குன்றத்தூரை அடுத்த பகுதியில் தமிழன் தொலைக்காட்சியின் இளம் செய்தியாளர் இஸ்ரவேல் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். நில மோசடி, கஞ்சா விற்பனை ஆகியவை பற்றி அவர் செய்தி வெளியிட்டதைப் பத்திரிகையாளர் அமைப்புகள் சுட்டிக்காட்டின. மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில், மணல் கொள்ளையையும் அதற்குக் காவலர் துணைபோவதையும் படம்பிடித்த தொலைக்காட்சிச் செய்தியாளர் சந்தீப் சர்மா, தம் உயிருக்கு ஆபத்து என முன்னரே எழுதிக் கொடுத்திருந்தார். 2018 மார்ச் 26 அன்று அவர் சென்ற இருசக்கர வாகனத்தின் மேல் சரக்குந்து ஏறியது.

கூட்டத்தின் நடுவே

திட்டமிட்ட தாக்குதல் ஒருவகை; திடீரெனச் சினங்கொள்ளும் கூட்டம் மற்றொரு வகை. 2015 ஜூன் 27 அன்று ஆம்பூரில் மூண்ட கலவரத்தில் வாகனங்கள் எரிந்தன. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை முடங்கியது. காவலர் பலர் காயமடைந்தனர். இத்தகைய வேளையில் நாளிதழ்ச் செய்தியாளர் குறிப்பேட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கலாம். தொலைக்காட்சியினரால் அது இயலாது. நிறுவனத்தின் முத்திரை பொறித்த ஒலிவாங்கி அவரை எல்லார்க்கும் அடையாளம் காட்டுகிறது. காட்சிக் கண்ணாடியில் ஒரு கண்ணைப் பதித்த ஒளிப்பதிவாளருக்குப் பக்கவாட்டில் வரும் கல் தெரியாது. நேரலையோ அவர் நிற்கும் இடத்தை அந்நொடியே ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

ஆதலின் பட்டறிவு மிக்கோர், படம்பிடிக்கும் முன் வெளியேறும் வழியைப் பார்த்து வைக்கின்றனர். வண்டியைப் புறப்படும் திசை நோக்கி நிறுத்துகின்றனர். ஒளிப்பதிவாளரின் முதுகுப்புறம் சுவராக இருத்தல் நலம். இல்லையேல் உடன் வந்தவர் அவருடைய கண்ணாக நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். நிலைமை கெடும்போது முத்திரையைக் கழற்றிவிடுவதும் உண்டு. இவையெல்லாம் இருவர் சென்றால்தான் இயலும். தனியொருவரை அனுப்பிவிட்டு, 'இன்னும் அருகில் செல்' எனச் செய்தியறையிலிருந்து வற்புறுத்துவது முறையன்று.

இரவுப்பணியையும் மறத்தலாகாது. 2008 செப்டம்பர் 30 அதிகாலையில், பணி முடிந்து காரில் தனியே வீடு திரும்பிய தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் சௌமியா விஸ்வநாதன் டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையே நோக்கம் என்பது விசாரணையில் தெரியவந்தது. குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளிக்க 15 ஆண்டுகள் ஆயின. செய்திக்காகக் கொல்லப்படாவிடினும், வேலை நேரமே அவரை அந்தச் சாலையில் தனியே நிறுத்தியது.

சட்டமும் நடைமுறையும்

ஊடகவியலாளரைத் தாக்குவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் தனிச்சட்டத்தை மகாராட்டிர மாநிலம் 2017இல் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2019இல் கிடைத்தது. சத்தீசுகர் சட்டமன்றம் 2023இல் இத்தகைய சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் 2021இல் பத்திரிகையாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. நல வாரியம் அடிபட்டவர்க்கு உதவும். அடி விழுமுன் தடுப்பது காவல் நிலையத்தின் பணி. பகுதிநேரச் செய்தியாளர் அங்குச் செல்லும்போது அவர் கையில் நிறுவனத்தின் அடையாள அட்டை இருக்கிறதா, அவருக்காக நிறுவனத்தின் ஆசிரியர் ஓர் அழைப்பேனும் விடுப்பாரா என்பனவற்றையும் பொறுத்தே அவருடைய முறையீட்டுக்கு மதிப்புக் கிடைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

பத்திரிகையாளர்க்கு எதிரான குற்றங்கள் தண்டிக்கப்படாமற்போவதை ஒழிப்பதற்கான பன்னாட்டு நாளாக நவம்பர் 2ஐ ஐக்கிய நாடுகள் அவை 2013இல் அறிவித்தது. அவ்வாண்டு அதே நாளில் மாலி நாட்டில் பிரெஞ்சுச் செய்தியாளர் இருவர் கொல்லப்பட்டனர். 2006 முதல் உலகெங்கும் நிகழ்ந்த பத்திரிகையாளர் கொலைகளுள் 85 விழுக்காடு இன்னும் தீர்வு காணப்படாதவை என்று யுனெஸ்கோ 2024இல் தெரிவித்தது.