உடன்பிறப்பை இழந்தவர்களின் துக்கம்



ஒரு வீட்டில் குழந்தை மௌத்தாகிவிட்டால் நாம் செய்வதென்ன? தகப்பனாரின் கையைப் பிடித்து ஸப்ரு செய்யும்படி சொல்கிறோம். தாயாரைப் பெண்மக்கள் சூழ்ந்திருந்து தேற்றுகிறார்கள். அதே வீட்டில் பிறந்த அண்ணன் அக்காள்மாரை, தம்பி தங்கைகளை எத்தனை பேர் விசாரிக்கிறோம்? "விளையாட்டுப் பிள்ளைகள், நாலு நாளில் மறந்துவிடும்" என்று விட்டுவிடுகிறோம். மறந்துவிடுகிறதா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயவேண்டிய விஷயம். குறிப்பாகப் புற்றுநோயால் குழந்தை இறந்த வீடுகளைப் பற்றிப் பேசுவோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 4,00,000 சிறுவர் சிறுமியருக்குப் புற்றுநோய் காண்கிறது. அவற்றில் இரத்தப் புற்றுநோயே அதிகம். செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை.

நம் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தாலும், இவ்வியாதிக்கான பெரிய சிகிச்சைக்குப் பட்டணத்துக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கிருந்து கோலாலம்பூர் இன்னும் தொலைவு. இரத்தப் புற்றுநோய் வைத்தியமோ இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும். தாய் நோயாளிப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருப்பாள். தகப்பன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைவான். மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ, லயத்தில் பக்கத்து வீட்டிலோ இருப்பார்கள். கடைக்குச் சாமான் வாங்க வரும் அப்பிள்ளையிடம் எல்லோரும் கேட்பது, "தம்பிக்கு எப்படி இருக்கிறது?" என்பதே. "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பவர் அரிது.

அப்பிள்ளைகளின் மனத்தில் ஓடும் எண்ணங்கள் மூன்று. முதலாவது, "எனக்கும் வருமோ?" என்ற அச்சம். புற்றுநோய் தொற்றுநோயன்று, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாலும் வருவதன்று. இதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லவேண்டுமல்லவா? இரண்டாவது, "நான் அவனோடு சண்டையிட்டேன், அதனால்தான் வந்தது" என்ற குற்ற உணர்ச்சி. மூன்றாவது, "என்னை யாரும் கவனிக்கவில்லை" என்ற மனத்தாங்கலும், அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு ஏற்படும் வெட்கமும். சில வீடுகளில் எலும்பு மஜ்ஜை கொடுப்பதும் உடன்பிறந்த பிள்ளையே. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களிடையே அது பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கொடுத்தும் பிழைக்காமல் போனால், "என் மஜ்ஜை சரியில்லை" என்று ஆயுள் முழுவதும் எண்ணுகிறவர்களும் உண்டு.

இவர்கள் வளர்ந்து பெரியவர்களானபின் எப்படி இருக்கிறார்கள் என்பதைச் சில நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்வீடனில், உடன்பிறப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து 2 முதல் 9 ஆண்டுகள் கழிந்த வாலிபர்களை விசாரித்ததில், பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் துக்கம் இன்னும் ஆறவில்லை, அல்லது ஓரளவே ஆறியது என்றார்கள். அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், மரணத்தை அடுத்த ஓராண்டில் கவலையும் சோர்வும் மிகுந்து, பின்னர் பெரும்பாலோருக்குத் தணிந்ததாகக் கண்டார்கள். ஆனால் மரணம் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லப்படாதவர்களுக்கும், விடைபெற்றுக்கொள்ள வாய்ப்புக் கிட்டாதவர்களுக்கும் பாரம் அதிகமாக இருந்தது. ஆகவே, மரணத்தைத் தடுப்பது நம் கையில் இல்லை. பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதும் விடைபெறச் செய்வதும் நம் கையில் இருக்கின்றன.

நம்மவர் அறியவேண்டிய ஒரு சரித்திரம் உண்டு. 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, சென்னையில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவர் தம் சகோதரர்கள் இருவரை 'ஸ்ப்ரூ' என்னும் குடல் வியாதிக்குப் பலிகொடுத்தார். பின்பு அமெரிக்கா சென்றார். 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அது ஸ்ப்ரூவுக்கு மருந்தாயிற்று. அதையொட்டிச் செய்த அமினாப்டெரின் என்ற மருந்தைப் பாஸ்டன் நகரின் டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் நல்ல குணம் கண்டதாக 1948-ல் வெளியிட்டார். அக்குணம் தற்காலிகமே, எனினும் அதுவரை கைவிடப்பட்ட நோய்க்கு முதல் வழி திறந்தது. அதே இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. சுப்பாராவ் அதே 1948-ல் காலமானார்.

இதைக் கேட்டு, "நீயும் அவரைப் போல் ஆகு" என்று துக்கத்திலிருக்கும் பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றிவிடாதீர்கள். உடன்பிறந்தானின் நினைவு பல்லாண்டு சென்றும் மனிதனுக்குள் வேலை செய்துகொண்டேயிருக்கிறது என்பதற்கே இதைச் சொன்னேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம்மிடம் ஊழியம் செய்த அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் முகம் வாடியிருப்பதைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். அவன் வளர்த்த சிறு குருவி இறந்துவிட்டது. அக்குருவியைப் பற்றி அவனிடமே அன்போடு கேட்டுப் பேசினார்கள். குருவிக்காக வாடிய பாலகனையே அவர்கள் கவனித்தார்களென்றால், தம்பியை இழந்த பாலகனை நாம் கவனியாமல் விடலாமா?

ஆகவே நாம் செய்யத்தக்கவை:

1. நோயின் பெயரையும் நிலைமையையும் வயதுக்குத் தக்கபடி மற்றப் பிள்ளைகளுக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். "ஊருக்குப் போயிருக்கிறான்" என்ற பொய் வேண்டாம்.

2. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று பார்க்க விடுங்கள். டெலிபோனிலாவது பேசச் செய்யுங்கள்.

3. "நீ அழுதால் அம்மா அழுவாள்" என்று வாயடைக்காதீர்கள். அழுகை ஸப்ருக்கு விரோதமன்று. நாயகம் அவர்களே தம் குழந்தை இப்ராஹீம் மரித்தபோது கண்ணீர் வடித்தார்கள்.

4. இறந்த பிள்ளையின் பெயரை வீட்டில் சொல்லிக்கொண்டிருங்கள்.

5. இருபது, முப்பது ஆண்டு கழிந்த பின்னும், "உன் தம்பி எப்படிப்பட்டவன்?" என்று கேளுங்கள். நாற்பது வயதுக்காரரும் அதற்குக் காத்திருக்கலாம்.

6. தூக்கமின்மை, ஓயாத கவலை, வாழ்வில் வெறுப்பு நீடித்தால் டாக்டரிடம் செல்லத் தயங்கவேண்டாம். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2022-ல் தொடங்கிய 15555 என்ற எண்ணிலும் மனக்கஷ்டத்தைச் சொல்லலாம். இது ஈமான் குறைவாகாது. வியாதிக்கு மருந்து தேடுவதேயாகும்.

அடுத்த முறை அத்தகைய வீட்டுக்குப் போகும்போது, பெரியவர்களிடம் ஸலாம் சொன்ன பிறகு, அங்கிருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வல்ல நாயன் நம் எல்லோருடைய இல்லங்களுக்கும் ஆறுதலைத் தருவானாக! ஆமீன்.