உண்ணிவழி நோய்களும் அவற்றின் பெயர்களும்

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் சந்தாபுரா. அதே வட்டாரத்தில் பொம்மசந்திரா, அத்திபெலே தொழிற்பேட்டைகளும் உள்ளன. பன்னேருகட்டா காடும் உள்ளது. தொழிற்சாலைகள் பெருகிய பின்னரும் மாட்டுத் தொழுவங்களும் தெரு நாய்களும் மறைந்துவிடவில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் வழங்கும் இத்தகைய ஊரில், "உண்ணிக் காய்ச்சல்" என்று ஒருவர் சொன்னால் அது எந்த நோயைக் குறிக்கும்?

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் இப்பெயரால் குறிப்பது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் நோயையே. ஆனால் அதனைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் காணப்படும் உண்ணியன்று. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணியின் இளம்பருவப் புழுவாகும். உண்மையான உண்ணியினால் பரவும் இந்திய உண்ணி டைபஸ் வேறொரு நோய். கர்நாடகத்தில் "மங்கன காயிலெ" என வழங்கும் கியாசனூர் காட்டு நோயும் உண்ணியினாலேயே பரவுகிறது. எனினும் 1957இல் சிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட அந்நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று, வைரஸ். கால்நடை வளர்ப்போரோ மாடுகளுக்கு உண்ணியால் வரும் காய்ச்சல் அனைத்தையும் இதே சொல்லால் சுட்டுவர். முதல் இரண்டும் டாக்சிசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படும். மூன்றாவதற்கு அம்மருந்தால் பயனில்லை. ஊர் வழக்கில் ஒரே பெயராக இருப்பது மருந்தகத்தில் வெவ்வேறு சீட்டுகளாக மாறுகிறது. நோய்க்கிருமிகளின் வகைப்பாடு அறிஞர்களுக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

பெயரிடும் மரபு

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பேரினம், சிற்றினம் என இரு சொற்களாலான இலத்தீன் வடிவப் பெயர் உண்டு. முற்காலத்தில் ஒரே கிருமி பல பெயர்களாலும், பல கிருமிகள் ஒரே பெயராலும் வழங்கியதால் குழப்பம் மிகுந்தது. இதனை நீக்க, ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று தொகுக்கப்பட்டு, 1980 ஜனவரி 1ஆம் நாள் பாக்டீரியப் பெயர்களின் புதிய தொடக்க நாளாகக் கொள்ளப்பட்டது. பட்டியலில் இடம்பெறாத பழம்பெயர்கள் உரிமை இழந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாக ஒரு மாதிரி வளர்ப்பைப் பேணுவதும் விதியாகும். பெயரில் ஐயம் எழுந்தால் நூலைப் புரட்டுவதோடு நில்லாமல் அவ்வளர்ப்பையே சோதித்துப் பார்க்கலாம்.

உண்ணிவழிக் கிருமிகளின் பெயர்கள் பலவற்றில் ஆய்வாளர்களின் வாழ்வும் இறப்பும் பதிந்துள்ளன. ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் உண்ணியால் பரவுவதை 1906இல் மெய்ப்பித்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ், 1910இல் மெக்சிகோவில் டைபஸ் நோயை ஆராய்ந்தபோது அந்நோய்க்கே இரையானார். புரோவாசெக் என்ற அறிஞரும் 1915இல் அவ்வாறே மாண்டார். இருவரையும் நினைவுகூர்ந்து, பேன்வழி டைபஸ் கிருமிக்கு 1916இல் ரோச்சா லிமா "ரிக்கெட்சியா புரோவாசெக்கி" எனப் பெயரிட்டார்.

ஒரே கூடையில் பல உயிர்கள்

ரிக்கெட்சியாக்கள் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகக் கூடியவை. சாதாரண ஆய்வுக்கூட ஊடகங்களில் வளர்வதில்லை. ஆகவே, மற்றப் பாக்டீரியாக்களைப் போல் இவற்றின் வேதி இயல்புகளைச் சோதித்து வகைப்படுத்த இயலவில்லை. எந்தப் பூச்சி பரப்புகிறது, எந்த விலங்கைத் தாக்குகிறது, எந்தச் செல்லில் தங்குகிறது என்பவையே அளவுகோல்களாயின. சிறியதாய், செல்லுக்குள் வாழ்வதாய் இருந்தவை பலவும் ஒரே கூடையில் இடப்பட்டன.

கூடையைப் பிரித்தது மரபணு ஆய்வு. ஸ்க்ரப் டைபஸ் கிருமி 1995இல் ரிக்கெட்சியாப் பேரினத்திலிருந்து நீக்கப்பட்டு, ஓரியன்ஷியா என்னும் தனிப் பேரினமாயிற்று. கியூ காய்ச்சலின் கிருமி 1939இல் ரிக்கெட்சியா எனப் பெயர் பெற்று, 1948இல் காக்ஸியெல்லா பர்னெட்டி ஆனது. பின்னர் அது நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லாவுக்கே நெருங்கிய உறவு எனத் தெளிவாயிற்று. இக்கிருமி உண்ணிகளிலும் காணப்படினும், ஆடு மாடுகள் ஈனும்போது வெளிப்படும் கழிவுகளின் தூசி வழியாகவே மனிதரை மிகுதியும் அடைகிறது. உண்ணியை ஒழித்துவிட்டால் இந்நோய் தீரும் என்று கருதும் அலுவலர் ஏமாறுவார்.

மிகப் பெரிய மாற்றம் 2001இல் நிகழ்ந்தது. எர்லிக்கியா, அனபிளாஸ்மா முதலிய பேரினங்கள் கலைத்து அடுக்கப்பட்டன. எர்லிக்கியா பாகோசைட்டோபிலா என்றிருந்த பெயர் அனபிளாஸ்மா பாகோசைட்டோபிலம் ஆயிற்று. அனபிளாஸ்மா என்பது இலக்கணத்தில் அலிப்பாற் சொல்லாதலின் ஈறும் மாறியது. நாய்களைத் தாக்கும் எர்லிக்கியா கேனிஸ் பழைய பெயரிலேயே நின்றது.

கால்நடைத் துறையினர்க்கு அனபிளாஸ்மா மார்ஜினாலே முக்கியமானது. 1910இல் தென்னாப்பிரிக்காவில் தெய்லர் இதனை மாட்டின் சிவப்பணுக்களின் விளிம்பில் கண்டார். விளிம்பைக் குறிக்கும் சொல்லே பெயரில் அமைந்தது. நெடுங்காலம் இது ஓரணு விலங்கு எனக் கருதப்பட்டது. பாக்டீரியா எனத் தெளிந்தபின், டெட்ராசைக்ளின் இதனைக் கட்டுப்படுத்துவதன் காரணம் விளங்கியது. அதே உண்ணி பரப்பும் பபீசியாவோ உண்மையாகவே ஓரணு விலங்கு. அதற்கு டிமினாசீன் போன்ற வேறு மருந்து வேண்டும். இரத்தப் பூச்சைப் பாராமல் "உண்ணிக் காய்ச்சல்" என்று எழுதிவிட்டு ஊசி போடுவதில் உள்ள இடர் இதுவே.

இந்தியாவின் பெயர் தாங்கிய கிருமி

குமாவோன் மலைப்பகுதியில் உண்ணியால் பரவுவதாக ஐயுறப்பட்ட டைபஸ் போன்ற காய்ச்சலைப் பற்றி மெகா என்ற மருத்துவர் 1921இல் எழுதினார். துனிசியாவில் 1910இல் காய்ச்சலொன்றை விவரித்த கோனரின் பெயரால் 1932இல் வழங்கப்பட்ட ரிக்கெட்சியா கோனோரியின் கீழ் இந்திய நோயும் அடக்கப்பட்டது. மரபணு வேறுபாடுகளின் அடிப்படையில் 2005இல் இச்சிற்றினம் நான்கு துணைச் சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று "இண்டிகா".

இப்பிரிவு மருத்துவரின் கண்ணுக்கும் பயன்படுவது. மத்தியதரைக் கடல் நாடுகளில் கடித்த இடத்தில் கரிய பொருக்கு தோன்றுவது வழக்கம். இந்திய வகையில் அது அரிது. உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலெங்கும் பரவும் செந்நிறத் தடிப்புகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. அயல்நாட்டு நூலைப் படித்துப் பொருக்கைத் தேடும் இளம் மருத்துவர், நோயைத் தவறவிட்டு, டைபாய்டு என முடிவு செய்து, ரிக்கெட்சியாவைத் தொடாத மருந்தைக் கொடுக்கக்கூடும். டைபஸ், டைபாய்டு என்ற பெயர்களின் ஒலி ஒப்புமையும் இத்தவற்றுக்குத் துணை போகிறது.

சிறு மருத்துவமனைகளில் கைகொடுத்துவந்த வெயில்-பெலிக்ஸ் சோதனை, ரிக்கெட்சியாவுக்கு உறவேயில்லாத புரோட்டியஸ் பாக்டீரியாவைக் கொண்டு செய்யப்படுவது. ஓ.எக்ஸ்.கே. வகையோடு எதிர்வினை ஸ்க்ரப் டைபஸையும், ஓ.எக்ஸ்.2, ஓ.எக்ஸ்.19 வகைகளோடு எதிர்வினை உண்ணி டைபஸையும் சுட்டலாம்; உறுதி செய்யாது. ஆகவே பதிவேட்டில் வெறுமனே "டைபஸ்" என்று குறிப்பது போதாது. எந்தச் சோதனை, எந்த வகையோடு எதிர்வினை, கடித்தது எது எனத் தெரிந்தால் அதுவும் எழுதப்பட வேண்டும். பெயர் பின்னர் மாறினாலும் அக்குறிப்பைக் கொண்டு பழைய நோயாளியைப் புதிய பிரிவில் சேர்க்க இயலும்.

உண்ணிகளுக்கும் இதே நிலைதான். பழைய கால்நடை நூல்களில் "பூபிலஸ் மைக்ரோபிளஸ்" என மாணவர் படிக்கும் மாட்டுண்ணி, 2003இல் பூபிலஸ் பேரினம் ரைபிசெபாலஸ் பேரினத்தோடு இணைக்கப்பட்டதால் "ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ்" எனப்படுகிறது. பழுப்பு நாயுண்ணியான ரைபிசெபாலஸ் சாங்குனியஸுடன் அது இப்போது ஒரே பேரினத்தில் நிற்கிறது. இரு ஏடுகளின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவர், மைக்ரோபிளஸை இரண்டு உண்ணிகளாக எண்ணிவிடலாகாது.