பெயரில் ‘மீன்’ இருந்தால் மீனா? விலங்குலகம் பாடத்தைக் கற்பிக்க ஒரு வழி

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் விலங்குலகம் பாடத்தை நடத்தி முடித்த பிறகு மாணவர்களிடம் தொகுதிகளின் பெயர்களைக் கேட்டால், துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள் என்று வரிசை பிசகாமல் சொல்வார்கள். அதே மாணவர்களிடம் “நட்சத்திர மீன் எந்தப் பிரிவு?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் “மீன்கள்” என்பார்கள். எட்டுக்கால் பூச்சி அவர்களுக்குப் பூச்சி, பட்டுப்புழு அவர்களுக்குப் புழு. பட்டியல் மனத்தில் பதிந்திருக்கிறது, ஆனால் வகைப்படுத்தும் முறை பதியவில்லை.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் அன்றாடம் வழங்கும் பெயர்கள் உருவத்தையும் வாழிடத்தையும் வைத்து ஏற்பட்டவை. நீரில் வாழ்வது மீன், நெளிவது புழு, சிறியதாக ஊர்வது பூச்சி. அறிவியல் வகைப்பாடோ உடலமைப்பைப் பார்க்கிறது. இந்த இரண்டும் மோதும் இடத்தையே பாடத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டால் பாடம் எளிதாகிறது.

நான்கு சொற்கள், நான்கு அட்டவணைகள்

கரும்பலகையை நான்காகப் பிரித்து மீன், புழு, பூச்சி, அட்டை என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் அந்தச் சொல் வரும் பெயர்களை மாணவர்களே சொல்லட்டும். பெரும்பாலும் பின்வருபவை வந்துவிடும்:

மீன்: கெண்டை மீன், நட்சத்திர மீன், ஜெல்லி மீன், கணவாய் மீன்.
புழு: மண்புழு, நாடாப்புழு, கொக்கிப்புழு, பட்டுப்புழு, கம்பளிப்புழு.
பூச்சி: கரப்பான் பூச்சி, எட்டுக்கால் பூச்சி, வயிற்றுப் பூச்சி.
அட்டை: இரத்தம் உறிஞ்சும் அட்டை, மரவட்டை, கடலட்டை.

இனி ஒவ்வொன்றையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம்.

1. உடலைச் சமமாகப் பிரிக்க முடிகிறதா? ஒரே ஒரு கோட்டின் வழியாக மட்டுமா, மையத்தின் வழியாகப் பல கோடுகளிலா?
2. உடற்சுவருக்கும் குடலுக்கும் இடையே உடற்குழி உண்டா?
3. உடல் கண்டங்களாகப் பிரிந்துள்ளதா?
4. இணைப்புகளுள்ள கால்களும் கடினமான புறச்சட்டகமும் உண்டா?
5. முதுகுநாண் அல்லது முதுகெலும்பு உண்டா?

மீன் அட்டவணையில் கெண்டை மட்டுமே தேறும். நட்சத்திர மீன் முட்தோலி. வளர்ந்த நிலையில் அதன் உடல் ஐந்து ஆரங்களாக அமைந்திருக்கும். நீரால் இயங்கும் குழாய்க்கால்களைக் கொண்டு அது நகர்கிறது. ஜெல்லி மீன் குழியுடலி. அதன் உடற்சுவர் ஈரடுக்காலானது, கொட்டும் செல்கள் உடையது, உணவு நுழைவதும் கழிவு வெளியேறுவதும் ஒரே திறப்பின் வழியாகத்தான். கணவாய் மெல்லுடலி. அதற்குப் பத்துக் கரங்கள் உண்டு, முதுகெலும்பு கிடையாது. உடலுக்குள் இருக்கும் வெண்ணிறக் கணவாய் ஓட்டை எலும்பு என்று மாணவர்கள் நினைப்பார்கள். நத்தையின் ஓட்டைப் போன்ற ஓடுதான் அதுவும், உடலுக்குள் இருக்கிறது என்பதே வேறுபாடு. பெயரில் மீன் இல்லாத கடற்குதிரையோ செவுள், துடுப்பு, முதுகெலும்பு மூன்றும் கொண்ட உண்மையான மீன்.

புழு என்னும் சொல்லுக்குள் நான்கு தொகுதிகள்

நாடாப்புழு தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது. அதற்கு உடற்குழி இல்லை, உணவுக்குழலும் இல்லை. நம் குடலில் செரித்துக் கிடக்கும் உணவைத் தன் உடற்பரப்பின் வழியாகவே உறிஞ்சுகிறது. கொக்கிப்புழு உருளைப்புழு. உருண்ட, கண்டங்களற்ற உடல், பொய்யான உடற்குழி, வாய் முதல் மலத்துளை வரை முழுமையான உணவுக்குழல் ஆகியவை அதன் பண்புகள். மண்புழு வளைதசைப்புழு. வளையம் வளையமான கண்டங்களும் உண்மையான உடற்குழியும் உடையது. பட்டுப்புழுவும் கம்பளிப்புழுவும் புழுக்களே அல்ல, கணுக்காலித் தொகுதிப் பூச்சிகளின் இளம் உயிரிகள். தலையை அடுத்துள்ள மூன்று இணைக் கால்களைக் கைலென்சு வழியாகக் காட்டினால் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

பூச்சி, அட்டை ஆகிய தலைப்புகளையும் இப்படியே முடிக்கலாம். கரப்பானுக்கு ஆறு கால்கள், எட்டுக்கால் பூச்சிக்கு எட்டு. இரண்டும் கணுக்காலிகள், ஆனால் வகுப்பு வேறு. இரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவின் உறவு, மரவட்டை கணுக்காலி, கடலட்டை நட்சத்திர மீனின் உறவு.

இது தேர்வுக்கு மட்டுமான செய்தி அல்ல

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10, தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை தருகிறோம். அன்று ஏதேனும் ஒரு குழந்தை, “டீச்சர், மண்புழுவைத் தொட்டா வயித்துல பூச்சி வருமா?” என்று கேட்கும். இந்தக் கேள்விக்கான விடை விலங்குலகம் பாடத்தில் இருக்கிறது. நாம் பூச்சி என்று சொல்லும் குடற்புழுக்களில் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தவை. மண்புழு வேறு தொகுதி, அது மண்ணில் மக்கும் பொருள்களை உண்டு வாழ்கிறது, குடலில் வாழாது. கொக்கிப்புழுவின் இளம் உயிரியோ மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். ஆகவே மண்புழுவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, செருப்பு அணிய வேண்டும், மண்ணில் விளையாடிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காரணம் புரிந்த குழந்தை வீட்டிலும் போய்ச் சொல்லும்.

கடலோர மாவட்ட ஆசிரியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படும் உயிரினம். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாக் கரையோரப் பள்ளிகளில் படிக்கும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த உயிரியை நம்மைவிட நன்றாகத் தெரியும். கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு மணலை வெளியேற்றுவதன் மூலம் அது கடல்தரையைத் தூய்மையாக வைக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால், சட்டம் ஏன் வந்தது என்பதும் விளங்கும்.

குட்டி போட்டால் பாலூட்டியா?

முதுகெலும்பிகளிலும் இதே குழப்பம் உண்டு. “குட்டி போடுபவை பாலூட்டிகள்” என்று தொடக்க வகுப்புகளில் சொல்லிப் பழகிவிடுகிறோம். நம் வயல்வெளியிலுள்ள கண்ணாடி விரியன் குட்டிதான் போடுகிறது, ஆனால் அது ஊர்வன. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடுகிறது, ஆனால் அது பாலூட்டி. பால் சுரப்பிகளும் உடல் உரோமமுமே பாலூட்டிக்கு அடையாளம். வௌவாலும், பாக் வளைகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவும் பாலூட்டிகளாவது இதனால்தான். தொடக்க வகுப்பிலேயே “குட்டிக்குப் பால் கொடுப்பவை” என்று சொல்லிவிட்டால், உயர்நிலை வகுப்பில் திருத்த வேண்டிய தேவை இருக்காது.

பிள்ளைகளின் குழப்பம் பழமையானது

பிழையான விடை சொல்லும் மாணவரிடம் ஒரு வரலாற்றைச் சொல்லலாம். வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸ், 1758இல் வெளியான தம் நூலின் 10ஆம் பதிப்பில் விலங்குகளை ஆறே வகுப்புகளாகப் பிரித்தார். அதில் ‘புழுக்கள்’ என்ற ஒரே வகுப்பில் மண்புழு, நத்தை, கணவாய், நட்சத்திர மீன், ஜெல்லி மீன் எல்லாம் இருந்தன. சிலந்தியையும் நண்டையும் பூச்சிகளோடு சேர்த்திருந்தார். முந்தைய பதிப்புகளில் மீன்களோடு வைத்திருந்த திமிங்கலத்தை இந்தப் பதிப்பில்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார். பின்னர் லாமார்க் போன்றோர் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து அந்தப் ‘புழுக்களை’ப் பிரித்தனர். வெளித்தோற்றத்திலிருந்து உள்ளமைப்புக்கு வர அறிஞர்களுக்கே காலம் தேவைப்பட்டது என்று தெரிந்தால், பிள்ளைகள் கூச்சமின்றி விடை சொல்வார்கள்.

வகுப்புக்கேற்ற செயல்பாடுகள்

1 முதல் 5ஆம் வகுப்பு வரை கால்களை எண்ணிப் பிரிக்கச் செய்யலாம்: கால் இல்லாதவை, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பல. 6 முதல் 8 வரை பள்ளி வளாகத்தில் காணும் ஐந்து உயிரிகளைப் படம் வரைந்து, முதுகெலும்பு உள்ளவை, அற்றவை எனப் பிரிக்கலாம். பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம், கல்லைப் புரட்டும்போது தேள் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அவசியம். 9ஆம் வகுப்பில் மேலே சொன்ன நான்கு அட்டவணைகளையும் ஐந்து கேள்விகளையும் இரண்டு பாடவேளைகளில் முடிக்கலாம்.

மதிப்பீட்டிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். “மெல்லுடலிகளின் பண்புகளை எழுதுக” என்பதற்குப் பதிலாக, “கணவாய் மீன் ஏன் மீன் அல்ல? இரண்டு காரணங்கள் தருக” என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த மாணவர் இதில் தடுமாறலாம். ஐந்து கேள்விகளையும் பயன்படுத்தப் பழகிய மாணவர், பாடநூலில் இல்லாத உயிரியைக் கொடுத்தாலும் காரணத்துடன் விடை எழுதுவார்.