எச்சரிக்கைகளைத் தொகுக்கும் முறைக்குக் காப்புரிமை உண்டா?

முன்னுரை

பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையைப் பற்றிப் பேசினால் நம் நினைவுக்கு முதலில் வருபவை நீராவி எஞ்சின், தையல் இயந்திரம், மின்விளக்கு முதலியனவாம். கையால் தொட்டுப் பார்க்கவும், பிரித்து மீண்டும் பூட்டவும் கூடிய பொருள்கள் அவை. கணினி வலைக்குள் ஓடும் ஒரு முறையை அவ்வாறு தொட்டுப் பார்க்க இயலாது. ஆயினும் அத்தகைய முறைகளுக்கும் காப்புரிமை கேட்டு விண்ணப்பங்கள் வந்த வண்ணம் உள்ளன. அவற்றை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? கணினி வலையில் எழும் எச்சரிக்கைகளைத் தொகுக்கும் ஓர் அமைப்பையும், அதைக் குறித்து அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த இரு வழக்குகளையும் எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்கிறேன். ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவரும் ஆசிரியரும் தம் நன்மைக்காக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளது.

எச்சரிக்கைப் பெருக்கம்

கணினியில் அத்துமீறி நுழைவோரைக் கண்டறியும் துறைக்கு அடிப்படை அமைத்தவற்றுள், டோரதி டென்னிங் அம்மையார் 1987-இல் வெளியிட்ட கட்டுரை முதன்மையானது. ஒவ்வொரு பயனாளரின் வழக்கமான நடவடிக்கைகளையும் கணக்கெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வழக்கத்திலிருந்து பெரிதும் விலகும் செயலை ஐயத்திற்குரியதாகக் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வழக்கத்திற்கு மாறானவை எல்லாம் திருட்டு அல்ல. நள்ளிரவில் கண் விழித்து வேலை செய்யும் நேர்மையான ஊழியரும் எச்சரிக்கையை எழுப்பிவிடுவார். மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஒரு நிறுவனத்தில் 200 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். அயலான் ஒருவன் அவற்றுள் ஒவ்வொன்றாக நுழைய முயன்றால் 200 எச்சரிக்கைகள் எழும். திருடன் ஒருவன், மணியோசையோ இருநூறு! காவலுக்கு அமர்ந்திருப்பவர் எதைக் கவனிப்பார்?

இதற்கு நேர்மாறான நிலையும் ஏற்படலாம். ஒவ்வொரு துறையிலும் இரண்டு மூன்று முறை மட்டும் முயன்றுவிட்டு அவன் அடுத்த துறைக்குச் சென்றால், எந்தத் துறையின் கண்காணிப்பியும் அதைப் பொருட்படுத்தாது. எல்லாத் துறைகளின் குறிப்புகளையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

தொகுத்தல் என்பது யாது?

எச்சரிக்கைகளைத் தொகுக்கும்போது நான்கு கூறுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த முகவரியிலிருந்து வந்தது? எந்தக் கணினியைக் குறிவைத்தது? எந்த நேரத்தில் நிகழ்ந்தது? எவ்வகைத் தாக்குதல்? இவற்றில் போதிய ஒற்றுமை உடையவற்றை ஒரே நிகழ்ச்சியின் பகுதிகளாகக் கருதி ஒரு கட்டாகக் கட்டுதலே தொகுத்தலாகும். எந்தக் கூறுக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. முகவரியைப் பொய்யாகக் காட்டும் தாக்குதலில் முகவரி ஒற்றுமைக்கு மதிப்பு மிகுதியாக அளித்தால் தொகுப்பு சிதறிவிடும்.

கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வு நிறுவனம் 1990-களில் எமரால்டு என்னும் அமைப்பை உருவாக்கியது. வலையின் பல இடங்களில் கண்காணிப்பிகள் அமர்த்தப்படும். அவை தத்தம் எல்லையில் ஓடும் தகவல் பொட்டலங்களின் அளவு, பிழைகள், இணைப்பு வேண்டுகோள்கள் போன்றவற்றை ஆராய்ந்து அறிக்கை அனுப்பும். மேல்நிலைக் கண்காணிப்பி அவ்வறிக்கைகளைத் தானே பெற்று ஒருங்கிணைக்கும். கிராமத்துச் செய்தி வட்டத்திற்கும், வட்டத்துச் செய்தி மாவட்டத்திற்கும் செல்வது போன்ற அடுக்குமுறை இது. இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1998 நவம்பர் 9 அன்று தாக்கல் செய்யப்பட்டது.

ஆய்வாளரின் மூன்று கேள்விகள்

காப்புரிமை அலுவலக ஆய்வாளர் மூன்று கேள்விகளை முக்கியமாக எழுப்புவார். முதலாவது, இது சட்டம் அனுமதிக்கும் வகையைச் சேர்ந்ததா, அல்லது வெறும் கருத்தா? இரண்டாவது, இது புதியதா? மூன்றாவது, புதியதே ஆயினும், துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா?

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆய்வாளர் எடை போடுவது விண்ணப்பத்தின் இறுதியில் எழுதப்படும் உரிமைக் கோரிக்கையின் சொற்களையே. பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, கண்டுபிடிப்பின் எல்லையை அக்கோரிக்கை வரையறுக்கிறது. ஆய்வாளர் அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக்கொள்கிறார். பல கண்காணிப்பிகளை அமர்த்துதல், குறிப்பிட்ட வகைத் தகவல்களை ஆராய்தல், அறிக்கை தருதல், மேல்நிலையில் ஒருங்கிணைத்தல் ஆகிய நான்கும் முன்னரே வெளியான ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை. ஒன்றில் சிலவும் மற்றொன்றில் சிலவுமாக இருந்தால், அவற்றை இணைக்கத் துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றியிருக்குமா என்று பார்ப்பார்.

தம் கட்டுரையே தமக்குப் பகையான கதை

முதல் வழக்கு புதுமை பற்றியது. எஸ்.ஆர்.ஐ. தன் காப்புரிமைகளை மீறியதாக வேறு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பினர் எஸ்.ஆர்.ஐ. ஆய்வாளர்களின் எழுத்துகளையே எடுத்து நீட்டினர்!

எமரால்டு பற்றி பிலிப் போராஸ், பீட்டர் நியூமன் ஆகியோர் எழுதிய கட்டுரை 1997 அக்டோபரில் ஒரு மாநாட்டில் வெளியாகியிருந்தது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியீட்டுக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். இங்கோ ஓராண்டு கடந்துவிட்டது. எனவே அவர்களுடைய காப்புரிமைகளுள் ஒன்று செல்லாது என்பதை 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

மற்றொரு கட்டுரை 1997 ஆகஸ்டில், மாநாட்டுக் குழுவினரின் பார்வைக்காக, கோப்புப் பரிமாற்றச் சர்வர் ஒன்றில் 7 நாள் வைக்கப்பட்டிருந்தது. பூட்டில்லாத சர்வர், எவரும் திறக்கலாம். ஆனால் பட்டியல் இல்லை. தேடிக் கண்டுபிடிக்க வழியும் இல்லை. இது வெளியீடு ஆகுமா? ஆகும் என்று கீழ் நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல் மீண்டும் விசாரிக்குமாறு பணித்தது. இதற்கு மாறாக, ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணைப்படுத்தி வைத்த ஒரே ஓர் ஆய்வேடு வெளியீடே என்று அதே நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்திருந்தது. படித்தவர் எத்தனை பேர் என்பது பொருட்டன்று. நாடுபவர் கண்டடையும் வகையில் இருந்ததா என்பதே வினா. நூலகத்தில் உறங்கும் ஆய்வேட்டுக்கும் இத்துணை வலிமை உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருத்தா, கருவியா?

இரண்டாம் வழக்கு சிஸ்கோ நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்டது. நிலைத்து நின்ற இரு காப்புரிமைகள் மீறப்பட்டன என்று 2016-இல் நடுவர் குழு முடிவு செய்து, ஏறத்தாழ 2 கோடியே 36 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

சிஸ்கோவின் வாதம் வலிமையற்றது அன்று. அருவமான கருத்தைக் கணினியில் ஏற்றிவிடுவதால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆலிஸ் வழக்கில் கூறியிருந்தது. மின்வழங்கு வலையின் தகவல்களைத் திரட்டி ஆராய்ந்து காட்டும் முறை 2016-இல் தள்ளுபடியாயிற்று. அவ்வாறாயின், அறிக்கைகளைத் திரட்டி ஒருங்கிணைப்பது மட்டும் எங்ஙனம் கண்டுபிடிப்பாகும்?

2019 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடை கூறியது. குறிப்பிட்ட வகைத் தகவல்களை ஆராயும் பல கண்காணிப்பிகளை அமைத்து, அவற்றின் அறிக்கைகளை ஒருங்கிணைக்கும் இம்முறை, கணினி வலைக்கே உரிய தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கிறது. மனித மனத்தால் இப்பணியைச் செய்ய இயலாது. ஆகவே இது வெறுங் கருத்தன்று என்றது. மூவருள் ஒரு நீதிபதி உடன்படவில்லை. மின்வழங்கு வலை வழக்கிலிருந்து இதைப் பிரித்தறிய இயலவில்லை என்பது அவர் கருத்து. சட்டம் அறிந்தோரே இருவேறாக நின்றனர் எனில், ஆய்வாளரின் பணி எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

என் கருத்தில், பெரும்பான்மைத் தீர்ப்பே பொருத்தமானது. ஆயினும் "எச்சரிக்கைகளைத் தொகுத்தல்" என்று மட்டும் ஒருவர் கோரியிருப்பின், அது மறுக்கப்பட்டிருக்க வேண்டும். எவ்வாறு தொகுப்பது என்பதற்குத்தான் பரிசு. தொகுக்கலாம் என்ற எண்ணத்திற்கு அன்று.

நம் நாட்டுச் சட்டம்

நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, தனித்து நிற்கும் கணினி நிரல், நெறிமுறைத் தொடர் ஆகியவற்றை விலக்குகிறது. ஆனால் நிரலைப் பயன்படுத்தும் கண்டுபிடிப்புகள் அனைத்தையும் இப்பிரிவு தடுக்கவில்லை; தொழில்நுட்பப் பயன் உண்டா என்று பார்க்க வேண்டும் என 2019 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் விளக்கியது. விண்ணப்பம் தந்தால் மட்டும் போதாது; பரிசீலிக்குமாறு தனியே வேண்டுகோள் தர வேண்டும். ஆய்வாளரின் முதல் அறிக்கைக்கு விடையளிக்க 6 மாதக் கெடு உண்டு.

வெளியீட்டைப் பொறுத்தவரை நம் சட்டம் கண்டிப்பானது. 31-ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை, கற்றோர் அவையில் கண்டுபிடித்தவர் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே உரியது. பிற வெளியீடுகளுக்கு அதை நம்பியிருத்தல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, காப்புரிமைப் பரிசீலனை என்பது அறிவின் பெருமையை அளப்பதன்று. எழுதிய எல்லையையும் எழுதிய நாளையும் அளப்பது. மற்றொன்று, வெளியிடுதல் நம் கடமையேயாயினும், எதை முதலில் செய்வது என்ற வரிசை உண்டு. உரிமை வேண்டுவோர் முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை என்று செல்க. உரிமை வேண்டாது உலகிற்கே வழங்க விரும்புவோர் தயங்காது வெளியிடுக. அக்கட்டுரையே, பிறரொருவர் பின்னாளில் அதைத் தமதென்று வேலி போடாமல் காக்கும். எவ்வழி செல்லினும் அறிந்து செல்வதே நன்று.